புதுத் தலைக்கட்டு

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் ஓர் ஆண்பிள்ளை எப்போது ஆளானான் என்பதைப் பள்ளிக்கூடச் சான்றிதழும் வாக்காளர் அட்டையும் சொல்வதில்லை. குலசாமி கோயில் வரிநோட்டு சொல்லும். மாசிச் சிவராத்திரிக்குச் சில வாரம் இருக்கும்போதே பங்காளிகள் கூடுவார்கள். பந்தல், மைக்செட்டு, மேளம், பூசாரிக்கு வேட்டி துண்டு, கிடா, சோறு என்று செலவைக் கூட்டி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். கல்யாணம் ஆகாதவன் அப்பன் தலைக்கட்டில் அடக்கம். வயது நாற்பதைத் தொட்டாலும், துபாயிலிருந்து பணம் அனுப்பினாலும் அப்படித்தான். தாலி கட்டிய மறுவருசம் அவன் பெயர் நோட்டில் தனியாக ஏறும். "புதுத் தலைக்கட்டு" என்று கணக்கு வாசிப்பவர் குரலைச் சற்று உயர்த்துவார். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கட்டி வந்தவளின் பெயர் ஏறாது. பிறந்த வீட்டு நோட்டிலும் அவள் பெயர் இருந்ததில்லை.

குடும்பத்தை இப்படிக் கணக்கில் வைத்துக் காக்கும் இன்னொரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. மார்மன்கள் என்று உலகம் அழைக்கிறது. பிற்காலப் பரிசுத்தவான்கள் என்பது அவர்களே வைத்துக்கொண்ட பெயர். 1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை. அடிபட்டு, விரட்டப்பட்டு, மேற்கே யூட்டா பாலைவனத்தில் போய் ஊன்றியது. அங்கே ஓர் இளம் தம்பதியின் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நம் பக்கத்துக் கிழவிகளுக்குப் பெரிய ஆச்சரியம் எதுவும் இருக்காது. பையன் பதினெட்டு வயதுக்கு மேல் இரண்டு வருசம் ஊழியத்துக்குப் போய் வருகிறான். வந்த கொஞ்ச நாளில் கல்யாணம். பிள்ளை பிறந்த சில வாரத்தில் தகப்பன் அதைச் சபைக்கு நடுவில் கையில் ஏந்திப் பெயர் சொல்லி ஆசீர்வதிக்கிறான். எட்டு வயதில் ஞானஸ்நானம். திங்கட்கிழமை ராத்திரி வேறு வேலை வைக்காமல் குடும்பம் மொத்தமும் சேர்ந்து உட்காருவது. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி. அந்தச் சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்கு. சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. வருசக் கடைசியில் புருசன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் சபைத் தலைவர் முன்னால் உட்கார்ந்து, முழுப் பங்கும் கொடுத்தோமா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கணக்கு வாசிப்பு போலவேதான். கிடா மட்டும் இல்லை.

சாராயம், புகையிலையோடு டீயும் காபியும்கூட அவர்களுக்கு விலக்கு. 1833இல் ஸ்மித்துக்கு இறங்கியதாகச் சொல்லும் கட்டளை. இதைக் கேட்டால் அருப்புக்கோட்டைக்காரருக்குச் சிரிப்பு வரும். இங்கே பகையும் டீக்கடையில்தான் தீரும், சம்பந்தமும் டீக்கடையில்தான் பேசி முடியும். "ஒரு டீ சாப்பிடுவோமா" என்ற கேள்விக்கு மாட்டேன் என்று சொல்பவன் எதையோ மனதில் வைத்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். ஆனால் இதே கரிசலில் யாருக்குக் கண்ணாடிக் கிளாஸ், யாருக்குத் தனிக்குவளை என்று பிரித்து வைத்திருந்த டீக்கடைகளை என் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். டீயே வேண்டாம் என்ற ஒரு மதம் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்திருந்தால், அந்தக் கட்டளையில் ஒரு தன்மானத்தைக் கண்டவர்களும் இருந்திருப்பார்கள்.

வர வாய்ப்பு இருந்தது. 1852 ஆகஸ்டு கடைசியில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு சிறப்பு மாநாடு கூட்டி, உலகத்தின் பல மூலைக்கும் ஆள் அனுப்பினார்கள். இந்தியாவுக்குப் பெயர் சொல்லப்பட்டவர்களில் ஒருவர் ரிச்சர்டு பாலண்டைன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 1849இல் தன் வீட்டிலேயே மார்மன்களின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். மனைவி ஹல்டாவையும் பிள்ளைகளையும் யூட்டாவில் விட்டுவிட்டுக் கிளம்பினார். சான்பிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறிக் கல்கத்தாவில் இறங்கி, 1853 ஜூலையில் ராபர்ட் ஸ்கெல்டனோடு சென்னைப்பட்டணம் வந்து சேர்ந்தார். ஓராண்டு இருந்தார். ஒரு மாதப் பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பட்டணத்தைத் தாண்டி வேலை பரவவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. எந்த மாநாட்டில் இவர்களை வழியனுப்பினார்களோ அதே மாநாட்டில்தான் தங்கள் ஆண்கள் பல மனைவியரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பதையும் சபை முதல்முறையாக வெளிப்படையாக அறிவித்தது. ஆக, ஒற்றை மனைவியையும் விட்டுவிட்டுக் கடல் கடந்து வந்த மனிதர், பல மனைவியரின் நியாயத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு சென்னை வெயிலில் அலைந்தார். 1854 ஜூலையில் கப்பல் ஏறி, மறுவருசம் வீடு போய்ச் சேர்ந்தார். பிற்பாடு அவருக்கும் மனைவியர் மூவர் ஆனார்கள்.

இதைச் சொல்லி நாம் முகம் சுளிக்க முடியாது. மூத்தகுடியாள், இளையகுடியாள் என்ற இரண்டு சொல்லும் நம் வீடுகளில் புழங்கியவைதான். மார்மன் சபை 1890இல் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. சென்னை மாகாணத்தில் இந்து ஆண்களுக்கு அதைத் தடுக்க 1949இல் சட்டம் வர வேண்டியிருந்தது.

மார்மன்களுக்கு முன்பே, அதே அமெரிக்க வடகிழக்கின் அதே மதக் கொந்தளிப்பிலிருந்து இன்னொரு கூட்டம் இந்த மண்ணுக்கே வந்துவிட்டது. 1810இல் அமைந்த அமெரிக்கன் போர்டு மிஷன் யாழ்ப்பாணத்தில் கால் ஊன்றி, 1834இல் மதுரைக்கு வந்தது. இவர்கள் வழி வேறு. புருசனையும் பெண்டாட்டியையும் சேர்த்தே அனுப்புவது வழக்கம். கல்யாணம் ஆகாத வாலிபன் புறப்படுமுன் அவசரமாகப் பெண் தேடுவான். 1812இல் முதல் தடவை கப்பல் ஏறியவர்களில் ஹாரியட் நியூவெல் கல்யாணமாகிச் சில நாளே ஆனவள். கல்கத்தாவில் கம்பெனி சர்க்கார் தங்கவிடவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்து, அந்த நவம்பரிலேயே மொரீசியஸ் தீவில் அவளும் போய்ச் சேர்ந்தாள். வயது 19. அவள் கதையைப் படித்து இன்னும் பல பெண்கள் மிஷனரிகளுக்குக் கழுத்தை நீட்டினார்கள் என்பதுதான் அந்தக் காலத்து விசித்திரம்.

திருச்சுழிச் சீமையில் மண்டபசாலை அப்படி அமைந்த அமெரிக்க மிஷன் ஊர்களில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே டெய்லர் பாதிரியாரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். சுற்றிலும் கரிசல், தண்ணீருக்குக் கண்மாய், சித்திரையில் அனல் காற்று. மதுரை மிஷன்காரர்கள் காய்ச்சலிலும் வெப்பத்திலும் தங்கள் குடும்பங்களைப் பறிகொடுத்த பிறகுதான் 1845இல் மலையேறிக் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். பிழைத்த பிள்ளைகளைப் படிப்புக்காகச் சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது மிஷன் வழக்கம். கப்பல் ஏற்றிவிட்ட பிள்ளையைத் திரும்பப் பார்ப்பதற்குள் அது வளர்ந்து ஆளாகியிருக்கும்; சில தாய்மார் பார்க்கவே இல்லை. ஊராருக்குக் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காகவே தம்பதியாக வந்தவர்கள், தங்கள் குடும்பத்தைப் பிரித்துத்தான் அதைக் காட்ட முடிந்தது.

மார்மன்களின் கல்யாணத்துக்கு வருகிறேன். அவர்களுக்கும் மற்றக் கிறிஸ்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் அங்கேதான். மற்றவர்கள் மரணம் பிரிக்கும்வரை என்று உறுதி சொல்வார்கள். மார்மன் ஆலயத்தில் போடும் முடிச்சு மரணத்தாலும் அவிழாது. புருசனும் பெண்டாட்டியும், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும், நித்தியத்துக்கும் ஒரே குடும்பம். பதினெட்டு வயதில் பிள்ளை வீட்டை விட்டுப் போய்விடும் ஒரு நாட்டில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குப் புரிகிறது. நம் பக்கம் இதே வாக்குறுதி ஏழேழு ஜென்மத்துக்கும் என்று பழகிப்போன ஒன்று. அதை ஆசியாகவும் சொல்வார்கள். மாமியார் வீட்டில் அழுகிற மகளிடம் சமாதானமாகவும் சொல்வார்கள்.

அந்த முடிச்சைப் போடும் இடத்துக்குள் எல்லோரும் போக முடியாது. சபைத் தலைவர் கேள்வி கேட்டு, பங்கு கட்டியிருக்கிறாரா, விலக்கானதை விலக்கியிருக்கிறாரா என்று பார்த்துக் கொடுக்கும் சீட்டு இருந்தால்தான் ஆலயக் கதவு திறக்கும். சபையில் இல்லாத தாய் தகப்பன், சீட்டு கிடைக்காத அண்ணன் தம்பி எல்லோரும் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தன்று வெளியே காத்திருக்க வேண்டும். அவர்களும் பார்க்கட்டும் என்று முதலில் வெளியே சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டால், அமெரிக்காவில் ஆலய முடிச்சுக்கு ஒரு வருசம் காத்திருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. 2019 மே மாதம்தான் அந்த விதியை எடுத்தார்கள். இந்திய மார்மன் தம்பதிகளின் சங்கடம் வேறு மாதிரி. நாட்டில் ஆலயமே இல்லாத காலத்தில் நித்திய முடிச்சுக்காக ஹாங்காங் போனவர்கள் உண்டு. பெங்களூரில் ஆலயம் கட்டப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பரில் மண் வெட்டி வேலையைத் தொடங்கினார்கள்.

சீட்டு இல்லாமல் வெளியே நிற்கும் பெற்றோரை நினைத்து வருத்தப்படலாம். ஆனால் நம் சீமையில் வெளியே நிற்பது பெரும்பாலும் பெற்றோர் அல்ல, கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். சாதி மாறிக் கட்டிக்கொண்டு போன பையன் புதுத் தலைக்கட்டு ஆவதில்லை. வரியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். யாரும் அடிக்கத் தேவையில்லை, திட்டத் தேவையில்லை. நோட்டை மூடி வைத்தால் போதும். அப்புறம் அவன் பிள்ளைக்குக் குலசாமி கோயிலில் மொட்டை கிடையாது, அவன் வீட்டுக் கேதத்துக்குப் பங்காளி வர மாட்டான், அவன் கொடுத்த மொய்யும் திரும்ப வராது.

காதுகுத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த விலக்கு எங்கே வலிக்கும் என்று தெரியும். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைப்பார்கள். ஆசாரி எதிரே குந்தியிருப்பார். பிள்ளை கையில் ஒரு வாழைப்பழமோ மிட்டாயோ. மாமன் ஒரு கையால் நெற்றியை அழுத்திப் பிடித்து, மறு கையால் பிள்ளையின் இரண்டு கையையும் சேர்த்து அணைத்துக்கொள்வான். ஊசி ஏறும்போது பிள்ளை கத்துகிற கத்தில் குலவைச் சத்தம் அமுங்கிப்போகும். அந்த நேரம் பெற்றவள் பிள்ளையைப் பார்ப்பதில்லை. அண்ணன் முகத்தைத்தான் பார்ப்பாள். அவன் கண் கலங்குகிறதா என்று பார்ப்பாள். பிறந்த வீட்டில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறது என்பதற்கு அவளுக்குக் கிடைக்கும் ரசீது அது ஒன்றுதான். சாதி மாறிக் கட்டிக்கொண்டு போனவளுக்கு அந்த மடி வராது. பக்கத்து வீட்டுக்காரர் மடியிலோ கூட வேலை பார்ப்பவர் மடியிலோ உட்காரவைத்துக் குத்துகிறார்கள். துளை ஒன்றுதான். பார்ப்பதற்கு அண்ணன் முகம்தான் இல்லை.

பந்திக்கு வெளியே மேசை போட்டு மொய் எழுதுவார்கள். ஒருவர் கவரைப் பிரித்து எண்ணுவார், ஒருவர் ஊரும் பேரும் தொகையும் எழுதுவார். 501, 1,001, நெருங்கின சொந்தம் என்றால் அதற்கும் மேலே. நகரத்துப் பிள்ளைகள் இதைக் கேலி பேசுகிறார்கள். மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போட்டவர்களுக்கு, கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்களுக்கு, வட்டியில்லாமல் மொத்தமாகக் கைக்கு வரும் பணம் வாழ்க்கையில் வேறு எது? காதுகுத்து மொய்யில் கிணறு ஆழப்படுத்தியவர்கள் உண்டு, தறி வாங்கியவர்கள் உண்டு. அதே பணம் இருபது வருசத்துக்குத் துளித்துளியாகத் திரும்பப் போகும். ஓர் இளம் தம்பதி குடித்தனம் ஆரம்பிக்கும்போதே பரணில் இருக்கும் அப்பனின் மொய் நோட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் வாங்காத கடனெல்லாம் அதில் இருக்கும்.

மார்மன்களின் தசமபாகத்துக்கு நிகரான ஒன்றைத் தேடினால் அருப்புக்கோட்டைக் கடைவீதியே பதில் சொல்லும். நாடார் உறவின்முறைகளின் மகமை. ஏறுகிற இறங்குகிற மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்து, பேட்டையும் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். விருதுநகரில் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி வந்த பணத்தின் பள்ளிக்கூடம். மார்மன் தம்பதி கொடுக்கும் பத்தில் ஒரு பங்கு சால்ட் லேக் சிட்டிக்குப் போய், அங்கிருந்து பிரிந்து வரும். மகமை ஊரைவிட்டு வெளியே போகாது. எங்கே செலவானது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். தென்கோடியில் நாடார்கள் திரளாகக் கிறிஸ்தவம் தழுவியபோது இந்த வட்டாரத்துக்காரர்கள் பெரும்பாலும் அசையாமல் இருந்ததற்கு, சாமியைவிட இந்த ஏற்பாடு வலுவான காரணம் என்பது என் எண்ணம். மிஷன் தருவதாகச் சொன்ன பள்ளிக்கூடத்தை அவர்கள் மூட்டைக் காசில் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

ஒரு விஷயத்தில் மார்மன்களை மெச்ச வேண்டும். செத்தவர்கள் பெயரைத் தேடி எடுத்து, அவர்களுக்காக ஆலயத்தில் சடங்கு செய்வது அவர்களுக்குக் கடமை. அதற்காக உலகம் முழுக்கப் பதிவேடுகளைப் படமெடுத்தார்கள். ஹரித்துவார் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்த வம்சக் கணக்குகள்கூட அதில் அடக்கம். சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் கருங்கல் மலையைக் குடைந்து படச்சுருள்களைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே பெண்களின் பெயரும் இருக்கிறது. நம் வரிநோட்டில் இல்லை. என் அப்பனின் பூட்டன் பெயரைப் பங்காளிகள் சொல்லிவிடுவார்கள். அவன் பெண்டாட்டி பெயரைக் கேட்டால் எந்த ஊர்க்காரி என்பது மட்டும் தெரியும். ஆனாலும் அந்த மலைக்குள்ளும் முடிச்சு ஒரே அளவில் விழவில்லை. பெண்டாட்டியை இழந்த மார்மன் இன்னொருத்தியையும் நித்தியத்துக்கும் கட்டிக்கொள்ளலாம். புருசனை இழந்தவள் முதல் முடிச்சை ரத்து செய்யாமல் உயிரோடு இருக்கும்வரை அப்படிச் செய்ய முடியாது. 1890இல் பூமியில் நின்றது, மேலே நிற்கவில்லை போலிருக்கிறது. நம் பக்கம் பல சாதிகளில் அறுத்துக்கட்டும் வழக்கம் இருந்தது. தாலியைக் கழற்றிவிட்டு இன்னொருவனோடு குடும்பம் நடத்திய பாட்டிகள் கௌரவமாகவே வாழ்ந்தார்கள். சாதி உயர வேண்டும் என்று ஆண்கள் முடிவெடுத்தபோது முதலில் பறிபோனது அந்த வழக்கம்தான்.

இந்தச் சீமை குடும்பத்தை உதறிய ஒருவரையும் பெற்றது. 1879 டிசம்பரில் திருச்சுழியில் பிறந்து, பின்னாளில் ரமணர் ஆன வேங்கடராமன், 1896 ஆகஸ்டில் அண்ணனின் கல்லூரிச் சம்பளப் பணத்தில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனார். சீட்டு எழுதி வைத்ததில் கையெழுத்துப் போடும் இடத்தில் கோடுதான் இருந்தது. தேடி வந்து அழைத்த தாயோடு அவர் திரும்பவில்லை. பிற்பாடு அந்தத் தாய் அழகம்மாள் தானே போய் அங்கே தங்கினார். தம்பியும் போய்ச் சேர்ந்தார். 1922இல் தாய் அடக்கமான இடத்தைச் சுற்றித்தான் ரமணாசிரமமே வளர்ந்தது. நிர்வாகம் தம்பியிடம் இருந்தது. அவருக்குப் பின் அவர் மகன், அவருக்குப் பின் அவர் மகன். பெயர் எழுதாமல் போனவரின் பின்னாலும் குடும்பம் போய் நோட்டைத் திறந்துவிட்டது.

இன்றைக்குப் புதுத் தலைக்கட்டுகளில் பாதிப் பேர் ஊரில் இல்லை. திருப்பூர், சென்னை, வளைகுடா. சிவராத்திரிக்கு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் வரி மட்டும் போனில் வரும். வயதுவந்த இரண்டு பேர் விரும்பிக் கட்டிக்கொண்டால் எந்தப் பஞ்சாயத்தும் குறுக்கே வரக் கூடாது என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் பக்கம் அந்தத் தீர்ப்பைவிடக் கூகுள் பே அதிகச் சங்கடம் கொடுத்திருக்கிறது. முன்பு வரியைக் கையில் நீட்டினால் வாங்க மறுக்கலாம். இப்போது விலக்கி வைத்தவனும் பொருளாளர் நம்பருக்குத் தலைக்கட்டுத் தொகையைத் தட்டிவிடுகிறான். அனுமதி கேட்காமல் அது கணக்கில் விழுந்துவிடுகிறது. திருப்பி அனுப்பத்தான் கூட்டம் போட வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் யாராவது ஒருவர், போன வருசத்து மைக்செட்டு பாக்கி இன்னும் நிற்கிறதே என்று ஞாபகப்படுத்துகிறார்.